அயல் யந்திரத்து விசைப்பலகை

ரெமிங்டன் கம்பெனியார் 1874-ஆம் ஆண்டில் ஷோல்ஸ், கிளிடன் என்னும் இருவர் பெயரால் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சு யந்திரத்தில், விரல் படுகின்ற விசையும் தாளில் எழுத்தைப் பதிக்கின்ற அச்சுக்கோலும் ஒரே நெம்புகோல் தொடரின் இரு முனைகளாக இருந்தமையால், ஒரு யந்திரத்தின் விசைகளைக் கழற்றி மற்றொரு யந்திரத்திற்கு மாட்டலாமா என்ற ஐயம் எவருக்கும் எழ இடமே இல்லை. விசை யந்திரத்தின் அவயவம்; யந்திரம் பழுதானால் விசைக்கும் அதே கதிதான். கணினி தோன்றிய பிறகும் இந்த ஏற்பாடு நெடுநாள் நீடித்தது. 1977-இல் வீட்டு உபயோகத்திற்கென்று வந்த ஆப்பிள் 2, கமடோர் பெட் ஆகிய இரண்டிலும் விசைப்பலகை கணினியின் உடலோடு ஒட்டியே இருந்தது. கமடோர் பெட்டின் முதற் பதிப்பில் சின்னஞ்சிறு பொத்தான்களை நெருக்கமாக அடுக்கி வைத்து, பத்து விரலால் தட்டிப் பழகியவர்களை ஒற்றை விரலால் குத்த வைத்தார்கள் என்றாலும், வேறு பலகை வாங்கி மாட்டிக்கொள்வது சாமானியருக்கு எளிதாக இருக்கவில்லை. பெரிய கம்பெனிகளின் முனையங்களில் தனிப்பலகை முன்பே உண்டு. ஆனால் பலகையும் முனையமும் ஒரே உற்பத்தியாளரிடமிருந்து சேர்ந்தே வந்து சேர்ந்தே போயின.

விசைப்பலகை தனிப்பிறவி எடுத்து, ஒரு கம்பியின் வழியாக மட்டும் கணினியோடு உறவு கொண்டு, அந்தக் கணினியும் பொதுஜனங்களின் கைக்கு வந்த பிறகே, ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியோடு ஒத்துப்போகுமா என்ற வழக்கு மெய்யாகப் பிறந்தது. அந்த வழக்கின் தொடக்க நாள் 1981 ஆகஸ்டு 12 என்று சொன்னால் பெரும் பிழை இராது. அன்றுதான் ஐபிஎம் கம்பெனி தன் சொந்தக் கணினியை, அதாவது ‘பிசி’யை, உலகிற்கு அறிவித்தது. அதனோடு வந்த விசைப்பலகையில் 83 விசைகள். ஐந்து பின்கள் கொண்ட வட்டமான செருகி. தொலைபேசிக் கம்பியைப் போல் சுருண்டு நீளும் வடம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனியே ஒரு சுருள்வில். பலகையின் வயிற்றில் இன்டெல் 8048 என்ற சிறு சில்லு ஒன்று இருந்து, எந்த விசை அழுந்தியது, எந்த விசை விடுபட்டது என்பதை ஓயாமல் கவனித்து, எண்களாகக் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

இந்த எண்களைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது. ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தின் விசையை அழுத்தினால் பலகை ‘ஏ’ என்று சொல்வதில்லை. 30 என்ற எண்ணைச் சொல்லும். விரலை எடுத்தால், அந்த எண்ணோடு 128-ஐக் கூட்டி 158 என்று சொல்லும். 30 என்றால் எந்த எழுத்து, அது பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று தீர்மானிக்கும் பொறுப்பெல்லாம் கணினியினுடையது. பலகை ஸ்தானத்தை மட்டும் அறியும், எழுத்தை அறியாது. எந்தத் தேசத்து மொழிக்கும் அதே பலகையை, மேலே அச்சிட்ட எழுத்துகளை மட்டும் மாற்றி அனுப்பலாம் என்ற அனுகூலம் இதில் இருந்தது. ஆனால் பேச்சு ஏறக்குறைய ஒருவழிப் பேச்சு. பலகை சொல்லும், கணினி கேட்கும். கணினி மறுமொழி சொல்ல வழியில்லை.

அந்த 83 விசைப் பலகையின் வேலைப்பாடு உயர்ந்தது. விசைகளை வைத்த இடமோ அலுவலகத் தட்டச்சர்களுக்குப் பெருந்தொல்லை. இடது ஷிப்டு விசைக்கும் ‘இஸட்’ விசைக்கும் நடுவே வேறொரு விசையைக் கொண்டுபோய்ச் செருகியிருந்தார்கள். என்டர் விசை மெலிந்து கிடந்தது. கேப்ஸ் லாக் போடப்பட்டிருக்கிறதா இல்லையா என்று காட்ட ஒரு விளக்கும் இல்லை. குறை கண்ட இடத்தில் வியாபாரி வருவது இயல்பு. வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன் நகரின் கீ டிரானிக் கம்பெனி, ‘கேபி 5150’ என்ற பெயரில், ஷிப்டையும் என்டரையும் தட்டச்சர்கள் எதிர்பார்த்த இடத்தில் எதிர்பார்த்த பருமனோடு வைத்து, கேப்ஸ் லாக், நம் லாக் விசைகளில் சிறு விளக்குகளையும் பதித்து ஒரு பலகையை விற்றது. மூன்றாம் மனிதர் செய்த பலகை என்ற தொழில் இப்படித்தான் வேரூன்றியது.

விளக்கு என்றவுடன் ஒரு விநோதத்தைச் சொல்லாமல் போவதற்கில்லை. கேப்ஸ் லாக் உண்மையில் போடப்பட்டிருக்கிறதா என்பது கணினிக்கு மட்டுமே தெரிந்த சமாசாரம். கணினியோ பலகைக்குச் சொல்ல வழியற்றது. ஆகவே அந்த விசை எத்தனை முறை அழுந்தியது என்பதைப் பலகையே தனக்குள் எண்ணிக்கொண்டு, உத்தேசமாக விளக்கை ஏற்றி அணைத்தது. ஏதாவது ஒரு மென்பொருள் தானாகவே கேப்ஸ் லாக் நிலையை மாற்றிவிட்டால், அல்லது கணினி வேறு வேலையில் மூழ்கி ஓர் அழுத்தத்தைத் தவறவிட்டால், அன்றிலிருந்து விளக்கு எரியும்போது சிறிய எழுத்தும், அணைந்திருக்கும்போது பெரிய எழுத்துமாகக் காரியம் தலைகீழாக நடக்கும். கணினியை அணைத்துப் போடுவது அதற்கு ஒரு பரிகாரம்.

1984 ஆகஸ்டில் ஐபிஎம் தன் அடுத்த கணினியான ‘ஏடி’யை வெளியிட்டபோது, இக்குறையைச் சரியாகவே உணர்ந்து, பலகையும் கணினியும் பரஸ்பரம் பேசிக்கொள்ளும் புதிய நெறியை வகுத்தது. விளக்குகளை ஏற்றுமாறு கணினி இப்போது கட்டளையிடலாம்; ஓர் எண் பழுதாக வந்தால் திரும்பச் சொல்லுமாறு கேட்கலாம். ‘ஏ’ விசைக்குரிய எண் 30 என்பது போய் 28 ஆயிற்று. விரலை எடுத்தால் முதலில் 240, பிறகு 28 என்று இரண்டு எண்கள் வந்தன. எல்லாம் நல்ல ஏற்பாடே. ஆயினும், இத்தனையையும் மாற்றியவர்கள் செருகியை மட்டும் மாற்றவில்லை. அதே ஐந்து பின், அதே வட்டம், அதே துளை. பழைய பலகையைப் புதிய கணினியில் செருகினால் கச்சிதமாகப் பொருந்தும். திரையில் 301 என்ற பிழை எண் தோன்றும். பிறகு எந்த விசையைத் தட்டினாலும் ஓர் எழுத்தும் வராது. அந்தப் பிழையோடு, தொடர்ந்து செல்ல எஃப்1 விசையை அழுத்துமாறு ஓர் அறிவிப்பும் வரும். விசைப்பலகையைக் காணோம் என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் ஒரு விசையை அழுத்தச் சொன்ன இந்த அறிவிப்பு, பிற்காலத்தில் வேறு கம்பெனிகளின் கணினிகளிலும் பரவி, கணினித் தொழிலாளர்களிடையே தலைமுறை தலைமுறையாகப் பரிகாசத்திற்கு இடமாயிற்று.

செருகியை வேறாக்கியிருந்தால், வாங்குகிறவர் கடையிலேயே தெரிந்துகொண்டிருப்பார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, மாட்டி, ஏமாந்து, திரும்பக் கொண்டுபோகும் சிரமம் இராது. உருவத்தில் ஒற்றுமையும் உள்ளே வேற்றுமையுமாக ஒரு பண்டத்தைச் சந்தையில் விடுவது எவ்வளவு பெரிய கம்பெனி செய்தாலும் நல்ல காரியமன்று என்பதே என் அபிப்பிராயம். இதற்கு மாற்று கண்டவர்களும் மூன்றாம் மனிதர்களே. அவர்கள் தங்கள் பலகையின் அடிப்பாகத்தில் ஒரு சிறு தள்ளுவிசையைப் பொருத்தி, ஒரு பக்கம் பழைய நெறிக்கு ‘எக்ஸ்டி’ என்றும் மறுபக்கம் புதிய நெறிக்கு ‘ஏடி’ என்றும் பொறித்தார்கள். வாங்கியவர் பலகையைக் கவிழ்த்து, பேனா முனையால் அதைத் தள்ளிவிட்டால், ஒரே பலகை இரண்டு பாஷையும் பேசும். மின்னசோட்டா மாநிலத்து நார்த்கேட் கம்பெனி தன் ‘ஆம்னிகீ’ பலகைகளின் அடியில் இப்படிச் சிறு தள்ளுவிசைகளின் வரிசையையே வைத்தது. கண்ட்ரோல் விசையையும் கேப்ஸ் லாக் விசையையும் இடம் மாற்றிக்கொள்ளவும் அதில் வழி உண்டு.

ஏடி கணினிக்குள் நடந்த மற்றொரு சமரசம் இதைவிட அடக்கமானது. ஆனால் ஆயுள் அதிகம். பழைய பிசிக்கு எழுதப்பட்ட மென்பொருள்கள் 30, 158 என்ற பழைய எண்களையே எதிர்பார்த்தன. அவற்றை ஒரே நாளில் செல்லாக்காசாக்க முடியாதாகையால், தாய்ப்பலகையில் இன்டெல் 8042 என்ற சில்லை வைத்து, புதிய பலகை சொல்லும் புதிய எண்ணைப் பழைய எண்ணாக மொழிபெயர்த்து மென்பொருளிடம் ஒப்படைக்குமாறு செய்தார்கள். இந்த மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகு வந்த கணினிகளுக்கெல்லாம் பிதிரார்ஜிதமாக இறங்கியது. 8042 என்ற தனிச் சில்லு மறைந்து, அதன் வேலையை வேறு பெரிய சில்லின் ஒரு மூலை ஏற்றுக்கொண்ட பிறகும், 1981-ஆம் ஆண்டின் எண்களுக்கு மரணமில்லை.

அதே பத்தாண்டின் நடுவில் ஐபிஎம் 101 விசைகள் கொண்ட பலகையைக் கொண்டுவந்தது. ‘மாடல் எம்’ என்று வழங்கும் அதன் அமைப்பே இன்றைய விசைப்பலகைகளுக்கெல்லாம் மூலவடிவம். எஃப் வரிசை விசைகள் இடப்பக்கத்திலிருந்து உச்சிக்கு ஏறின. அம்பு விசைகளுக்குத் தனி இடம் கிடைத்தது. ‘ஏ’ விசைக்கு இடப்புறம் இருந்த கண்ட்ரோல் மூலைக்குத் தள்ளப்பட்டு, அந்த நல்ல இடத்தை அதிகம் உபயோகப்படாத கேப்ஸ் லாக் பிடித்துக்கொண்டது. வேர்டுஸ்டார் என்னும் எழுத்து மென்பொருளில் நொடிக்கொரு முறை கண்ட்ரோலை அழுத்திப் பழகியவர்கள் இந்தக் கடைசி மாற்றத்தை மன்னிக்கவே இல்லை.

மாடல் எம் பலகையின் விசை வேலை செய்யும் விதம் கேட்கத் தக்கது. விரலின் அழுத்தத்தில் உள்ளே நிற்கும் சுருள்வில் குறுகிக்கொண்டே வந்து, ஓர் எல்லையில் தாளாமல் சட்டென்று இடுப்பு ஒடிந்து பக்கவாட்டில் வளையும். வளையும்போது தன்னைச் சூழ்ந்த குழாயின் சுவரில் மோதி ‘டக்’ என்று ஒலிக்கும். அதே கணத்தில் அடியிலுள்ள சிறு சுத்தியல் சாய்ந்து மெல்லிய மின்தாளை அழுத்தும். ஓசையும் எழுத்தும் ஒருங்கே நிகழ்வதால், பதிந்ததா என்று திரையைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை; விரலே சாட்சி சொல்லும். பலகையின் எடை இரண்டு கிலோவுக்குக் குறையாது. பின்புறத்துச் சீட்டில் அது செய்யப்பட்ட தேதி அச்சிட்டிருக்கும். அதனோடு பிறந்த கணினிகள் ஐந்தாறு ஆண்டுகளில் பழையனவாகிக் கழிந்தபோது, பலகைகள் மட்டும் புதுக்கருக்கோடு நின்றன. ஆகவே அயல் யந்திரங்களோடு சம்பந்தம் தேடிப் புறப்பட்ட பலகைகளில் இதுவே பெரும்பான்மை. கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் ஐபிஎம் நடத்திவந்த அந்தத் தொழில் 1991-இல் லெக்ஸ்மார்க் என்ற தனிக் கம்பெனியாகப் பிரிந்து, 1996-இல் அவர்கள் விசைப்பலகை செய்வதைக் கைவிட, யூனிகாம்ப் என்ற சிறு கம்பெனி அச்சுகளை வாங்கி அதே ஊரில் தொடர்ந்து நடத்தலாயிற்று.

ஆப்பிள் கம்பெனியாரின் கதை வேறு ரகம். 1984-இல் வந்த மெக்கின்டாஷின் பலகையில் அம்பு விசைகளே இல்லை. ஜனங்கள் மவுஸைத் தொட்டே தீரவேண்டும் என்பதற்காக ஸ்டீவ் ஜாப்ஸ் வேண்டுமென்றே அவற்றை நீக்கினார் என்பது பிரசித்தம். 1986-இல் மெக்கின்டாஷ் பிளஸ் வந்தபோது அம்புகள் திரும்பி வந்துவிட்டன. அந்த முதற் பலகையின் வடமோ தொலைபேசிக் கைக்கருவியின் வடத்தை அப்படியே ஒத்திருந்தது. ஒத்திருந்ததே ஒழிய, தொலைபேசி வடத்தில் கம்பிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் புரண்டு செல்லும். மெக்கின்டாஷ் வடத்தில் நேராகச் செல்லும். வடம் அறுந்தவர்கள் கைக்கெட்டிய தொலைபேசி வடத்தை மாட்டினால் மின்னோட்டம் தலைகீழாகப் பாய்ந்து பலகைக்கே ஆபத்து. ஐபிஎம்காரர் செய்த பிழை பலகையை ஊமையாக்கியது. இது உயிரையே வாங்கக்கூடியது.

பிறகு ஸ்டீவ் வாஸ்னியாக் வகுத்த ‘ஏடிபி’ என்ற இணைப்பு 1986-இல் ஆப்பிள் 2ஜிஎஸ் கணினியில் தோன்றி, மறு ஆண்டு மெக்கின்டாஷுக்கும் வந்தது. ஒற்றைக் கம்பியில் பலகையையும் மவுஸையும் சங்கிலியாகக் கோத்துவிடும் அந்த ஏற்பாட்டில் அழகு உண்டு. பலகையிலிருந்தே கணினியை உயிர்ப்பிக்க ஒரு விசையும் இருந்தது. அதன் நான்கு பின் செருகி, வீடியோவுக்குப் பயன்படும் எஸ்-வீடியோ வடத்தின் செருகியே. இந்த இடத்தில் மட்டும் தற்செயலான ஒற்றுமை ஜனங்களுக்கு உதவியது. ஏடிபி வடம் கிடைக்காத காலத்தில், எஸ்-வீடியோ வடத்தை வாங்கி மாட்டினால் காரியம் நடந்தது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியின் பணிநிலையங்கள் இன்னொரு தனி ராஜ்யம். எட்டுப் பின் செருகி; ‘ஏ’ விசைக்கு இடப்புறம் கண்ட்ரோல்; இடது ஓரத்தில் வேறெங்கும் காணாத ஒரு விசைக் கூட்டம். அங்குள்ள ‘எல்1’ விசையையும் ‘ஏ’ விசையையும் சேர்த்து அழுத்தினால், எவ்வளவு பெரிய கணக்கு ஓடிக்கொண்டிருந்தாலும் யந்திரம் அப்படியே நின்று, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும். ஓடுகின்ற யந்திரத்திலிருந்து பலகையைப் பிடுங்கினாலும் அதே விளைவுதான். வேறொரு பலகையை மாட்டிப் பார்க்கலாமே என்று ஒருவர் அசட்டையாகச் செருகியைக் கழற்றினால், அந்தக் கணினியை நம்பியிருந்த துறை முழுவதற்கும் வேலை நின்றுபோகும்.

இவ்வாறு கம்பெனிக்கு ஒரு செருகி, செருகிக்கு ஒரு சங்கேதம் என்று இருந்த காலத்தில், தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் எய்தி வாதா ஒரு யோசனை கொண்டார். ஆய்வுக்கூடத்தில் யந்திரங்கள் வந்து போய்க்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றோடும் புதுப் பலகை வருகிறது. ஒவ்வொரு முறையும் விரல்கள் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் திரிந்த மாட்டுக்காரன், குதிரை மாண்டால் குதிரையை விட்டுவிட்டுச் சேணத்தைத் தோளில் சுமந்து வருவான் என்பதை எடுத்துக்காட்டி, கணினி குதிரை, பலகை சேணம் என்று அவர் வாதித்தார். ஜப்பானின் பிஎஃப்யூ கம்பெனி அவர் கருத்துப்படி 1996 டிசம்பரில் 60 விசைகள் மட்டும் கொண்ட ‘ஹேப்பி ஹேக்கிங்’ பலகையை வெளியிட்டது. வடத்தை மாற்றினால் அதே பலகை பிசியோடும், மெக்கின்டாஷோடும், சன் பணிநிலையத்தோடும் பேசியது. ஒரு கணினிக்கும் சொந்தமில்லாத, மனிதனுக்குச் சொந்தமான பலகை என்ற கருத்துக்கு இதைவிடத் தெளிவான உருவம் அதற்கு முன் அமையவில்லை.

இந்த வழக்கில் நம்மவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையாவின் முயற்சியால் உருவாகி, தட்டச்சுப் பயிலகங்களின் வழியே ஊர்தோறும் பரவிய தமிழ்த் தட்டச்சு முறையில், இடக்கை விரல்கள் ய, ள, ன, க, ப என்ற வரிசையில் அமரும்; பயிலகத்தின் வாசலில் நின்றாலே ‘யளனகபக’ என்ற பாடம் காதில் விழும். அரசுத் தேர்வில் தேறி அலுவலகம் புகுந்தவர்களின் மேசைக்குக் கணினி வந்தபோது, ஆங்கில எழுத்துகள் பொறித்த பலகையின் மேல் தமிழ் எழுத்து ஒட்டுத்தாள்களை ஒட்டி, பழைய விரற்பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தார்கள். ஆனால் தட்டச்சு யந்திரத்தில் ‘கொ’ எழுத, கையால் எழுதுவதைப் போலவே முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால் என்று மூன்று விசை தட்டவேண்டும். 1991-இலேயே தமிழை ஏற்றுக்கொண்ட யூனிகோடு முறையிலோ மெய் முதலில் வரவேண்டும், உயிர்க்குறி அதன் பின்னரே. எனவே இடையிலுள்ள மென்பொருள், விரல் முந்தித் தட்டிய கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் வரும் மெய்யெழுத்துக்காகக் காத்திருந்து, இரண்டையும் இடம் மாற்றி ஒப்படைக்கிறது. 8042 சில்லு அங்கே செய்த வேலையும் இதுவும் ஒரே இனம். 1999-இல் தமிழ்நாட்டரசு அங்கீகரித்த ‘தமிழ்99’ விசைமுறை ஒலிமுறையை அனுசரித்து இந்தச் சிக்கலையே தவிர்த்துவிட்டது. ஆயினும் முப்பதாண்டு பழகிய விரல்கள் அரசாணைக்குக் கீழ்ப்படிவதில்லை என்பது தட்டச்சு அறிந்த எவருக்கும் தெரியும்.

1996 ஜனவரியில் யுஎஸ்பி என்ற பொது இணைப்பு வகுக்கப்பட்டு, 1998 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் ஐமேக் பழைய ஏடிபி துளையை அடியோடு நீக்கிவிட்டு யுஎஸ்பியை மட்டுமே வைத்துக்கொண்டபோது, வழக்கு முடிந்தது என்றே பலரும் எண்ணினர். நல்ல ஏடிபி பலகையை விட மனமில்லாதவர்களுக்காகக் கிரிஃபின் கம்பெனி ‘ஐமேட்’ என்ற மாற்றியை விற்றது. பிசி உலகில், பழைய ஐந்து பின் செருகிக்குப் பின் வந்த ஆறு பின் பிஎஸ்/2 செருகியை யுஎஸ்பி ஆக்கும் சிறு அடாப்டர்கள் பலகைகளோடும் மவுஸ்களோடும் இலவசமாகவே வந்தன. அவற்றை மாடல் எம் பலகையில் மாட்டி ஏமாந்தவர் தொகை கொஞ்சநஞ்சமன்று. அந்த அடாப்டருக்குள் சில்லு எதுவும் கிடையாது. வெறும் கம்பிகள் மட்டுமே. இரண்டு பாஷையும் தெரிந்த பலகை ஒன்றைக் கருதிச் செய்யப்பட்ட அது, பிஎஸ்/2 ஒன்றே அறிந்த பழம்பலகைக்கு எதையும் கற்றுக்கொடுக்காது. அந்த இடத்தில் சில்லு வைத்த மெய்யான மாற்றி வேண்டும். அதிலும் மலிவானவை சில, பழைய மாடல் எம் கேட்கும் மின்சாரத்தைக் கொடுக்கமாட்டாமல் தடுமாறின. கடைசியில் ஆர்வலர்களே, கட்டைவிரல் அகலமுள்ள மைக்ரோகண்ட்ரோலர் பலகைகளை வாங்கி, செருகியின் பின்களைப் பற்றவைத்து, தாமே எழுதிய நிரலை அதில் ஏற்றி, பெரிய கம்பெனிகள் கைவிட்ட பலகைகளுக்குப் பேச்சு வரவழைத்தார்கள். ஐபிஎம் முனையங்களோடு கழித்துப் போடப்பட்ட 122 விசைப் பலகைகள், உச்சியில் இருவரிசையாக 24 எஃப் விசைகளுடன், இவர்களுடைய மேசைகளில் இரண்டாம் வாழ்க்கை பெற்றன. யுஎஸ்பி சங்கேத அட்டவணையிலும் எஃப்24 வரை எண்கள் ஒதுக்கப்பட்டிருந்தது அவர்களுக்கு வசதியாயிற்று.

ஜெர்மனியின் செரி கம்பெனி 1980-களில் செய்த தனிவிசை ஸ்விட்சுகளின் காப்புரிமை தீர்ந்து, சீனத் தொழிற்சாலைகள் அதே அமைப்பை மலிவாகச் செய்யத் தொடங்கியபின், இயந்திர விசைப்பலகைக்கு மீண்டும் பெருஞ்சந்தை ஏற்பட்டது. செருகி இப்போது எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் ஸ்பேஸ் விசைக்கு இடப்பக்கத்தில், பிசிப் பலகையில் விண்டோஸ் விசையும் அதை அடுத்து ஆல்ட்டும் இருக்க, மேக் பலகையில் ஆப்ஷனும் அதை அடுத்துக் கமாண்டும் இருக்கின்றன. பிசிக்காகச் செய்த பலகையை மேக்கில் மாட்டினால், நகலெடுக்க அழுத்தும் கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறது. மேக் கணினியும் புதுப் பலகையைக் கண்டவுடன், இடது ஷிப்டுக்கு வலப்பக்கத்து விசையை அழுத்திக் காட்டுங்கள் என்று கேட்டே அது அமெரிக்க அமைப்பா ஐரோப்பிய அமைப்பா என்று ஊகிக்கிறது. பலகை தன் தேசத்தைத் தெரிவிக்க யுஎஸ்பி விதிகளில் ஓர் இடம் இருந்தும், பெரும்பாலான பலகைகள் அதில் பூஜ்யத்தையே எழுதுகின்றன. ஆகவே இன்றைய பலகைகள் பலவற்றின் விலாவில் ‘விண்டோஸ்’, ‘மேக்’ என்று இருபுறமும் பொறித்த ஒரு தள்ளுவிசை வைக்கப்படுகிறது. எக்ஸ்டி, ஏடி என்று பேனா முனையால் தள்ளிய கைகளுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இராது.

யுஎஸ்பியின் விதிகளிலேயே ஒரு பழைய விரோதம் ஒளிந்துகொண்டிருக்கிறது. கணினி விழித்தெழும் முதற் கணங்களில், இயங்குதளம் ஏற்றப்படுமுன், பலகையோடு பேசுவதற்கென்று எட்டு பைட் அளவுள்ள ஓர் எளிய நெறி உண்டு: ஷிப்டு, கண்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒன்று, வெறுமையாக ஒன்று, மற்ற விசைகளுக்கு ஆறு. ஒரே சமயத்தில் எத்தனை விசை அழுந்தினாலும் தெரிவிப்போம் என்று பெருமை பேசும் விளையாட்டுக்காரர் பலகைகள் சில, இந்த ஆறு விசை நெறியைச் சரியாகப் பின்பற்றாமையால், இயங்குதளம் ஏறிய பின் அற்புதமாக வேலை செய்துவிட்டு, வட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும் முதல் திரையில் கட்டையைப் போல் கிடக்கின்றன. பலகையை எளிய நெறிக்கு மாற்றும் விசைக்கூட்டு சிலவற்றில் உண்டு. அதைக் கையேட்டில் தேடி எடுக்கப் பொறுமை வேண்டும். சேவையகங்களைப் பராமரிப்பவர்கள் இதற்கெல்லாம் அவகாசம் கொடுப்பதில்லை. அலமாரியின் அடித்தட்டில், வடம் சுற்றிய ஒரு சாதாரண ரப்பர் விசைப்பலகையை அவர்கள் எப்போதும் வைத்திருக்கிறார்கள். விலையுயர்ந்த பலகை மௌனம் சாதிக்கும்போது அதைச் செருகி, கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு, மறுபடி கழற்றி வைத்துவிடுகிறார்கள்.